குப்பிவெள்ளம்

"வெள்ளம் எத்தியோ செல்வி?"

ஷைலஜா மேடம் இதைக் கேட்பது எத்தனையாவது தடவையோ. யாரும் பதற வேண்டாம். திருவனந்தபுரத்தில் குடிக்கிற தண்ணீருக்குத்தான் வெள்ளம் என்று பேர். எத்துவது என்றால் வந்து சேர்வது. நிவாரணப் பொருள் வாங்கி அனுப்பும் அந்த அலுவலகத்தில் காலையிலிருந்து இதே பேச்சுதான்.

அங்கே வேலை பார்க்கும் இசக்கிசெல்வி ஜன்னலையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். மழைக்குப் பயந்து பொன்முடி எஸ்டேட் லயன் வீடுகளிலிருந்து இறக்கியவர்களைக் கல்லாறு என்ற ஆற்றங்கரை ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அங்கே குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தக் கூட்டத்தில் அவளுடைய அம்மா மாடம்மாளும் இருந்தாள்.

"குப்பிவெள்ளம் ரெடி மேடம். சொன்னா இப்பவே லாரியை விட்டுரலாம்" என்று வியாபாரி விபின் விடிந்ததும் வந்து நின்றான். செல்விதான் குறுக்கே விழுந்து தடுத்தாள். போன மழைக்கு அனுப்பிய பிளாஸ்டிக் குப்பிகள் ஓடையை அடைத்துக்கொண்டு கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். இந்தத் தடவை ஸ்டீல் பானையும் டேங்கர் லாரியும்தான் என்று ஒற்றைக் காலில் நின்று சாதித்துவிட்டாள்.

இப்போது அந்த டேங்கரைத்தான் காணோம். டிரைவர் ரதீஷ் போனை எடுக்கவில்லை. வெளியே மழை வெறி பிடித்ததுபோல் கொட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம் அம்மா கூப்பிட்டிருந்தாள். இத்தனை வருஷம் மலையில் இருந்தும் அவளுக்கு மலையாளம் ஒட்டவே இல்லை.

"ஏட்டி, தண்ணி எப்ப வரும்? சின்னதுக நாக்கு வறண்டு கெடக்கு."

"வெள்ளம் இப்ப எத்திரும்மா." செல்வியின் வாயில் ஆபீஸ் பேச்சுதான் வந்தது.

"இருட்டறதுக்குள்ள எத்தலைன்னா குப்பிதான் அனுப்பணும், கேட்டோ" என்றார் மேடம். விபினின் லாரி வாசலிலேயே நின்றது. அம்மா தாகத்தில் சுருண்டு கிடந்தால் அந்தப் பாவம் தன் தலையில்தான் என்று நினைத்தபடியே செல்வி மறுபடியும் ரதீஷின் நம்பரை அழுத்தினாள்.

போன் அடித்தது. அம்மாதான். இரைச்சலுக்கு நடுவே குரல் துண்டு துண்டாக வந்தது.

"ஏட்டி செல்வி... வெள்ளம் வந்துட்டுட்டீ!"

பின்னால் பிள்ளைகளின் கூச்சல், பாத்திரம் உருளுகிற சத்தம். பானையைத் தூக்கிக்கொண்டு முண்டியடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது.

செல்விக்கு அழுகையே வந்துவிட்டது. "மேடம், வெள்ளம் எத்தி!" என்று கத்தினாள்.

அறை முழுக்கக் கைதட்டல். கல்லாற்றுக்கென்று நிறுத்தி வைத்திருந்த மீட்பு ஜீப்பை மேடம் வேறு முகாமுக்கு அனுப்பினார். "கொள்ளாம் செல்வி, நீ ஜெயிச்சுட்டே" என்று முதுகில் தட்டினார். விபின் முணுமுணுத்துக்கொண்டே லாரியைத் திருப்பினான்.

மறுபடியும் போன். இந்தத் தடவை ரதீஷ்.

"நல்ல நேரத்துல கொண்டு சேர்த்தீங்க ரதீஷ் சேட்டா, உங்களுக்குப் புண்ணியமா போகும்!"

"எங்கே சேர்த்தேன் சேச்சி? ரோடெல்லாம் மரம் விழுந்து கிடக்கு. லாரி இன்னும் பாதி வழியிலதான் நிக்குது."