சுவரில் தட்டியவள்

"சத்தமா படிச்சாத்தாம்மா எனக்கு மண்டையில ஏறும்" என்றாள் மகள்.

"பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கோபம்தான் ஏறும்!" என்றாள் அம்மா.

சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பக்கத்திலிருந்து சுவர் தட்டப்பட்டது. மகள் குரலைத் தாழ்த்திப் படித்தாள். தட்டல் இன்னும் பலமானது.

"மெதுவா படிச்சாலும் பொறுக்கலையா?" மகள் வீம்புக்கு முன்பைவிட உரக்கப் படித்தாள். தினமும் இதே கூத்துதான்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. பள்ளியிலேயே மகள்தான் முதல். அம்மா மகளைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதே தையல்காரம்மா உள்ளே வந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா, பரீட்சை முடியற வரைக்கும் ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டோம். இனிமே சத்தம் இருக்காது" என்றாள் அம்மா.

"ஐயையோ, நிறுத்திடாதீங்க! இவ நடுவுல நிறுத்தினாலும், மெஷின் ஓடுறப்போ மெல்லப் படிச்சாலும் எனக்குக் கேக்கல, அதான் தட்டினேன்" என்றவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் தனியா பத்தாவது எழுதினேன். பாஸாயிட்டேன்டி, கண்ணு!"