உரிமையாளர் பெயர்

“மாப்பிள்ளை எங்க புள்ள? அவன்ட ஒப்பம் வேணும்” என்றார் கிராம அலுவலரான விதானை அப்துல் ஸமட்.

சுபைறா தலையைக் குனிந்தாள். இடுப்பில் ஒரே மகள்.

“அவர் எங்களை விட்டுட்டுப் போயிட்டார், விதானையார்.”

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்து மூன்று வாரம். வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், புது வீட்டுக்கான படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தார் விதானை.

“கூரையோட மாப்பிள்ளையும் பறந்திட்டாரோ?” என்றாள் வரிசையில் நின்ற சரீபா. நாலு பேர் சிரித்தார்கள்.

சுபைறாவின் கணவன் ஜவுபரை விதானைக்குத் தெரியும். ஐந்து வேளையும் தொழுகிறவன். பெண்சாதி பிள்ளையைப் பள்ளிக்கூட வாங்குப் பலகையில் படுக்கப் போட்டுவிட்டு ஓடினானே, அவனும் ஒரு மனுசனா?

கணவன் இருந்தால் அவன்தான் வீட்டுக்கு உரிமையாளர் என்பது மேலிடத்து உத்தரவு. விதவைக்கும் கைவிடப்பட்டவளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ‘கணவனால் கைவிடப்பட்டவர்’ என்று குறித்து, சுபைறாவின் பேரை எழுதி ஒப்பம் வைத்தார்.

மாலையில் விதானை சைக்கிளில் திரும்பும்போது, பக்கத்து ஊரான காரைதீவில் ஒரு வளவுக்குள் விழுந்து கிடந்த தென்னையைத் தறித்துக்கொண்டிருந்தான் ஜவுபர்.

“வெக்கமில்லையாடா உனக்கு? ஊரே காறித் துப்புது.”

ஜவுபர் கோடரியைக் கீழே வைத்தான். “படிவம் முடிஞ்சுதா காக்கா? அவள்ட பேரிலதானே?”

“பின்ன, ஓடினவன்ட பேரிலயா?”

“அல்ஹம்துலில்லாஹ். அப்ப இனி நான் பள்ளிக்கூடத்துக்கு வரலாம்.”

விதானை சைக்கிளை விட்டு இறங்கினார்.

“அது அவள்ட சீதன வீடு காக்கா. என்ட பேரில எழுதினா, நான் மௌத்தாப் போன பிறகு ஆம்பிளப் புள்ள இல்லாததால என்ட கூடப்பிறந்தவங்களுக்கும் அதில பங்கு. எனக்கு இருக்கிறது ஒரு பொம்புளப் புள்ள. நாளைக்கு அவளுக்குக் குடுக்க வேற என்ன கிடக்கு? உங்களிட்ட வந்து கேட்டிருந்தா சட்டம் எண்டிருப்பீங்க. அதான் ரெண்டு கிழமையா இஞ்ச ஒளிச்சிருந்து மரம் தறிக்கிறன். ஊர் ஏசினா ஏசிட்டுப் போகட்டும்.”

விதானை கரியரில் இருந்த படிவக் கட்டை அவிழ்த்தார்.

ஜவுபரின் முகம் கறுத்தது. “கிழிக்கப் போறீங்களா காக்கா?”

“உன்டதை இல்ல” என்றார் விதானை.

கட்டின் மேலே முதலாவதாக இருந்தது அவருடைய சொந்தப் படிவம். இடிந்தது அவர் மனைவி ஹாஜறாவின் சீதன வீடு. உரிமையாளர் என்ற இடத்தில், ஒரு கணமும் யோசிக்காமல், அவர் தன் பேரை எழுதியிருந்தார்.