வரியில்லாத பங்களா

கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பாக்கி வரியைக் கட்டிவிட்டு வந்த ஜேனட்டை, பொழியூரிலேயே பெரிய பங்களாவின் சொந்தக்காரரான ஸ்டான்லி பாராட்டினார்.

"வரி கட்டுறது நம்ம கடமையாக்கும். வீடு போன பொறவும் நீ கட்டினியே."

"கட்டினாத்தான் நிவாரணம்னு சொன்னாவ, சாறே. ஒங்க பங்களாவுக்கு எவ்வளவு?"

"அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்கிடுவார்."

மறுநாள் காலையில் ஜேனட் பிள்ளைகளோடும் மூட்டைகளோடும் பங்களா வாசலில் நின்றாள்.

"என்னது இது?" ஸ்டான்லி பதறினார்.

"தங்க வந்தோம், சாறே. பஞ்சாயத்துல கேட்டேன். இதுக்கு வரியே கெடையாதாமே. கடல்ல வீடு போனவங்க தங்குற தர்ம இல்லம்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கியளாம். கேட்டைத் தொறங்க. நிவாரண முகாம்ல எங்ககூட உள்ள மத்த குடும்பங்களும் பின்னால வாறாவ."