பூச்சாடியான படிக்கம்

அருங்காட்சியகத்தின் அலங்காரப் பொருட்கள் கூடத்தைப் புதுப்பித்தபோது, பித்தளைப் படிக்கத்துக்கு அடித்தது பாருங்கள் ஒரு யோகம்! ஜமீன்தார் வெற்றிலை மென்று துப்பிய பாத்திரம் அது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த வடிவமைப்பாளருக்கு அது எப்படித் தெரியும்? வாய் அகலமாக இருக்கவே 'பூச்சாடி' என்று அட்டை வைத்து, விளக்குப் போட்டு, மூன்று துணித்தாமரைகளையும் செருகிவிட்டார்.

பக்கத்தில் இருந்த பீங்கான் ஜாடி சீமைக்காரி. "நாமெல்லாம் பூவோடு வாழ்ந்த வம்சம், இல்லையா?" என்று உறவு கொண்டாடினாள். படிக்கத்துக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தாம் நாள் எதிர்மேடையில் வந்து உட்கார்ந்தது, அதே ஜமீன் வீட்டு வெற்றிலைப்பெட்டி. படிக்கத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. பெட்டி வாயைத் திறந்தால் மானம் போச்சே!

"ஏன் அக்கா, இவரைத் தெரியுமா?" என்று ஜாடி கேட்டேவிட்டாள்.

வெற்றிலைப்பெட்டி தாமரைகளைப் பார்த்தது. நடுங்குகிற படிக்கத்தையும் பார்த்தது.

"தெரியாமல் என்னடி? அறுபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் கொடுத்தனுப்பியதை எல்லாம் ஒரு நாளும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்ட மனுஷர். இவருக்குப் பூ வைக்க இப்போதுதான் ஒருத்தருக்குத் தோன்றியிருக்கிறது."