வாசலை மூடுகிற லாரி

“அண்ணே, காலையிலேருந்து இது ரெண்டாவது தடவை. அந்த லாரிக்காரனுக்கு உங்க வீட்டு மேல அப்படி என்ன வன்மம்?”

மண்வாரியை ஊன்றிக்கொண்டு எதிர்வீட்டு ராய்ஸ் கத்தினான். டிராக்டர் சத்தத்தில் பாதிதான் ரெய்னோவின் காதில் விழுந்தது.

ரெய்னோ அப்போதுதான் வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் பாதையைச் சுத்தம் செய்து முடித்திருந்தார். சின்ன டிராக்டர்தான். முன்னால் தள்ளுவதற்குப் பக்கெட், பின்னால் பனியை இழுத்துத் தூர வீசுகிற மிஷின். அவர் இன்ஜினை அணைக்கப் போகிற நேரம் பார்த்து, ரோட்டுப் பனியைத் தள்ளுகிற லாரி வந்திருந்தது. ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டு, ரோட்டில் இருந்ததையெல்லாம் அவர் வாசலில் கொட்டிவிட்டுப் போயிருந்தது. இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடு. உப்பும் ஐஸ்கட்டியுமாகக் கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

“கொட்டுறதையும் கொட்டிட்டு ஹாரன் வேற அடிக்கிறான் பாருங்க. போன் நம்பர் குடுங்க, ஆபீசுல நாலு வார்த்தை கேட்டுடறேன்.”

“வேணாம் தம்பி. லாரி முன்னால இருக்கிற பிளேடு ஒரு பக்கமாத்தான் தள்ளும். யார் வீட்டு வாசல்னு பார்த்தா வேலை நடக்குமா?”

“நீங்க ரொம்ப நல்லவரு. அதான் உங்க தலையில கொட்டிட்டுப் போறான்.”

ராய்ஸ் அரிசோனா வெயிலில் வளர்ந்தவன். போன இலையுதிர்காலத்தில்தான் வடக்கே இந்தக் கலுமெட் ஊருக்குக் குடிவந்தான். பனி பெய்வது அவனுக்கு இன்னும் யாரோ செய்கிற தப்பாகவே தெரிந்தது.

ரெய்னோ மிஷினை மேட்டுக்குள் விட்டார். ஒரு ஐஸ்கட்டி சிக்கி, டப்பென்று போல்ட் ஒடிந்தது. மிஷின் பிழைக்கட்டும் என்று ஒடிவதற்காகவே வைத்த போல்ட் அது. இந்த ஊரில் குளிர்காலம் முழுக்க எல்லோர் பாக்கெட்டிலும் சில்லறை மாதிரி நாலைந்து கிடக்கும். ஒன்றை எடுத்து மாட்டினார்.

“அப்படி என்ன அவசரம்? நாளைக்கு அள்ளிக்கலாமே.”

“அய்லா மூணு மணிக்கு வேலை முடிஞ்சு வந்துடுவா. ராத்திரி காரை ரோட்டுல நிறுத்தக் கூடாது. எம்பொண்ணுக்கு வழி திறந்திருக்கணும்.”

ராய்ஸுக்கு அய்லாவை அவ்வளவாகத் தெரியாது. அவன் எழுந்திருக்கும் முன்பே வேலைக்குப் போய்விடுகிறவள். அவளுடைய சின்னச் சிவப்புக் காரைத்தான் பார்த்திருக்கிறான்.

மூன்று மணி தாண்டியது. அய்லா வரவில்லை. ரெய்னோ கூப்பிட்டுப் பார்த்தார்; அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பனி சாய்வாக அடித்தது. ரோட்டின் கறுப்பு மறைந்துவிட்டது.

ரெய்னோ வாசலிலேயே நின்றார். அவர் சுத்தம் செய்த பாதை சுத்தமாகவே கிடந்தது. புதுசாய் விழுந்த மெல்லிய பனியைத் தவிர அதில் ஒன்றுமில்லை. அதைப் பார்த்துவிட்டுத் தெருமுனையையே திரும்பத் திரும்பப் பார்த்தார்.

ராய்ஸ் தன் வீட்டிலிருந்து மண்வாரியும் கையுமாகச் சிரித்துக்கொண்டே ஓடிவந்தான்.

“அண்ணே, சேதி கேட்டீங்களா? மலை வளைவுல ஒரு பனி லாரி கவிழ்ந்துடுச்சாம். ரேடியோவுல சொன்னான். இனி உங்க வாசல் தப்பிச்சுது.”

ரெய்னோ கையில் உருட்டிக்கொண்டிருந்த இன்னொரு போல்ட் பனியில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

“எந்த வண்டின்னு சொன்னாங்களா?”

“அதெல்லாம் சொல்லலை. எந்த வண்டியா இருந்தா என்ன?” சொன்ன பிறகுதான் ராய்ஸ் அவர் முகத்தைப் பார்த்தான். உதடெல்லாம் வெளுத்திருந்தது. “அடடா, மன்னிச்சுக்கங்கண்ணே. ரோடு தள்ள ஆள் இல்லேன்னா அய்லா எப்படி வரும்னு நான் யோசிக்கலை. எங்கயாவது கடையில ஒதுங்கி சூடா காபி குடிச்சுட்டு இருக்கும். நீங்க உள்ள வாங்க.”

“நீ போப்பா. நான் நிக்கிறேன்.”

ராய்ஸுக்குப் போக மனம் வரவில்லை. தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றான்.

அப்போது தெருமுனையில் மஞ்சள் விளக்கு சுழன்றது. தரை அதிர்ந்தது. பனி லாரி பிளேடைச் சாய்த்துக்கொண்டு நேராக வந்து, ஹாரனை ஒரு தடவை அடித்து, ஒரு வண்டிப் பனியை அவர்கள் இரண்டு பேர் மேலும் சேர்த்து வாரி இறைத்தது. வாசல் முழுசாக மூடிப்போனது.

“டேய், கண்ணு தெரியலையா உனக்கு?” ராய்ஸ் மண்வாரியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான்.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான். ரெய்னோ முழங்கால் வரை பனியில் நின்றுகொண்டு சிரித்தார். தாடியெல்லாம் பனி. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

“அண்ணே, உங்களுக்கு என்ன ஆச்சு? வாசல் போச்சு, நீங்க சிரிக்கிறீங்க.”

“போகட்டும் தம்பி. இன்னும் பத்துத் தடவை போகட்டும்.”

லாரி கொஞ்ச தூரத்தில் நின்றது. பீப் பீப் என்று பின்னால் வந்து, அவர்கள் பக்கத்தில் கண்ணாடியை இறக்கியது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு தலை வெளியே எட்டிப் பார்த்தது.

“கவிழ்ந்தது எங்க இன்னொரு டிரைவர் ஹார்லன் வண்டிப்பா, அவரைத் தூக்கிவிட்டதுலதான் லேட்டு, ஆளுக்கு ஒண்ணுமில்ல,” என்றாள் அய்லா. “சொந்த வீட்டு வாசல்ல மட்டும் பிளேடைத் தூக்கினா ஊரு என்னைச் சும்மா விடுமா? இன்னொரு சுத்து முடிச்சுட்டு காரை எடுத்துட்டு வந்துடறேன், வழியைத் திறந்து வைங்க.”