தொண்ணூறு கிலோ

கேமரா கம்பத்து உச்சியில் புது மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர்தான் அதை ஆளாகவே மதிக்கவில்லை.

'கேமரா எதுவும் இல்லை' என்று திரையில் திரும்பத் திரும்பக் காட்டியது.

சாஃப்ட்வேர் போட சேலத்திலிருந்து வந்திருந்த நதீம் பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அக்கா, இது உங்க எடை மேடை திறந்த அன்னைக்குப் போட்ட சாஃப்ட்வேர். இதுக்கு எடை பார்க்கத்தான் தெரியும், படமெல்லாம் என்னான்னே தெரியாது. மொத்தமா மாத்திப்புடலாம்."

"மாத்துங்க பாய். எனக்கு இன்னைக்குப் படம் வந்தே ஆகோணும்," என்றாள் சௌந்திரம்.

அவள் அவசரம் அவளுக்கு. எருமப்பட்டி ரோட்டில் லாரிகளுக்கு எடை மேடை போட்ட நாளிலிருந்து அவள் போட்ட எடையை ஒருத்தரும் ஒரு சொல் சொன்னதில்லை. இந்த சீசனில்தான் வந்தது வம்பு.

குச்சிக்கிழங்கு லாரி இங்கே எடை போட்டுவிட்டு நேரே ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்குப் போகும். அங்கே இன்னொரு தரம் எடை போட்டால் தொண்ணூறு கிலோ குறைகிறது. எல்லா வண்டியும் அப்படி இல்லை. பழக்கமான டிரைவர்கள் ஓட்டிப்போகிற வண்டி மட்டும்.

ஆலை மேனேஜர் போனில் கூசாமல் கேட்டுவிட்டார்: "வேண்டியவங்களுக்குக் கூட்டிப் போட்டுத் தர்றீங்களாம்மா?"

சௌந்திரம் எடை ஆபீசரையே வரவழைத்துவிட்டாள். எடைக்கல் வைத்துச் சோதித்த அவர்கூட, மெஷினில் ஒரு பிசகும் இல்லை என்று முத்திரை குத்திவிட்டுத்தான் போனார். பிறகு எங்கேதான் போகிறது அந்தத் தொண்ணூறு கிலோ?

எடை போடும்போதே லாரியைப் படம் பிடித்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் நாளையிலிருந்து உங்கள் எடைச் சீட்டு செல்லாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். சீட்டு செல்லாத மேடைக்கு எந்த லாரி வரும்?

அவளைவிட அவள் புருஷன் குருமூர்த்திதான் குதியோ குதி என்று குதித்தார். அவர் உடம்புக்கு அந்தச் சின்ன அறையில் குதிப்பதே ஆபத்து.

"ஆலைக்காரன் மேடைதான் பொய் சொல்லுது! இல்லீன்னா வழியில கெழங்கு எறங்குது! பாய், பட்டனை அமுத்துன ஒடனே படம் நேரா அந்த மேனேஜர் போனுக்கே போற மாதிரி பண்ணிருங்க. நாங்க நடுவுல கையே வெக்க மாட்டோம்!"

நதீம் பாய் அதையும் செய்து கொடுத்தார்.

பழைய சாஃப்ட்வேரைக் கழற்றிப் புதுசு போட்டதும் பிரிண்டர் கோபித்துக்கொண்டது. பிரிண்டரைத் தாஜா பண்ணினால் எடை காட்டும் பெட்டி வாயைத் திறக்கவில்லை. அதற்கும் ஏதோ ஒயரை மாற்றிக் குத்தி வழிக்குக் கொண்டுவந்தார் பாய். மத்தியானம் ஆவதற்குள் எல்லாம் ஒன்றோடொன்று ராசியாகிவிட்டன.

திரையில் பளிச்சென்று மேடை தெரிந்தது. ஓரத்து வேப்பமரம்கூட இலை இலையாகத் தெரிந்தது.

"அட சாமி!" என்று சௌந்திரம் கையைத் தட்டினாள்.

சரியாக அப்போது ஹாரன் சத்தம். ஜோஸ்வாவின் லாரி, கிழங்கு பாரம் தாங்காமல் முனகிக்கொண்டே மேடை ஏறியது. வாரத்துக்கு நாலு நடை வருகிறவன்.

"வண்டி நேரா நிக்குதான்னு பாத்துட்டு வாரேன்," என்று குருமூர்த்தி வழக்கம்போல டீ கிளாஸோடு எழுந்து போனார். லாரியைச் சுற்றி அந்தப் பக்கம் போனதும் ஜன்னலிலிருந்து ஆள் தெரியவில்லை.

பெட்டியில் எண் ஆடி ஆடி நின்றது. சௌந்திரம் கண்ணை மூடிக் குலசாமியைக் கும்பிட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினாள்.

படம் வந்தது. என்னா துல்லியம்! நம்பர் பிளேட், கிழங்கில் ஒட்டிய செம்மண், ஸ்டியரிங்கில் ஜோஸ்வாவின் கை.

அந்தப் பக்கத்துக் கதவில் இன்னொரு ஆளும் இருந்தது. ஒரு கால் லாரிப் படியில், ஒரு கால் மேடையில், பாதி உடம்பு ஜன்னலுக்குள்ளே. டீ கிளாஸை ஆட்டி ஆட்டி ஜோஸ்வாவிடம் ஏதோ ஊர்க்கதை அளந்துகொண்டிருந்தார் அவள் ஊட்டுக்காரர்.

சௌந்திரம் படத்தைப் பார்த்தாள். பிறகு நதீம் பாயைப் பார்த்தாள். பாய் நாசூக்காக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியாத டிரைவர் வந்தால் இந்த மனுஷன் இறங்கிப் போவதே இல்லையே!

மைக்கை எடுத்தாள். "ஜோஸ்வா, நீ வண்டியை எடு சாமி. ஏனுங்க, நீங்க மட்டும் அங்கயே அசையாம நில்லுங்க."

லாரி இறங்கிப் போனது. தன்னையும் ஒரு படம் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து, குருமூர்த்தி மீசையை நீவிவிட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, காலி மேடையின் நட்டநடுவில் நிமிர்ந்து நின்றார்.

வயிற்றை இழுத்து என்ன பிரயோஜனம்? பெட்டி தொண்ணூறு காட்டியது.

போன் அடித்தது. ஆலை மேனேஜர்தான். மனுஷன் மூச்சு வாங்க வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "சீட்டு செல்லும்மா... செல்லும்..." என்று நடுவில் எப்படியோ சொல்லி முடித்தார்.

இத்தனை நாள் சுமந்த பழி ஒரே படத்தில் கழன்றுபோனது. சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் கண்ணில் தண்ணீர் பொங்கிவிட்டது.

மணிச்சத்தம் கேட்டு குருமூர்த்தி விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"யாரு, அந்த மேனேஜரா? படத்தைப் பாத்துட்டானாமா? இங்க குடு, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நான் நாலு கேள்வி கேக்கறேன்!"

"கேளுங்க," என்று சௌந்திரம் வெகு மரியாதையாக, இரண்டு கையாலும் போனை அவரிடம் நீட்டினாள்.