முதலில் பெயர்

மொட்டைமாடியில் ஒரு ரேடியோ ஏரியல் இருந்தது. பட்டப்பகலில் அது வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த காகத்துக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஆளே இல்லாத வானத்துல யாரைக் கூப்பிடறே?"

"மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கா. அவளும் ஏரியல்தான். எரிகல் விழுறப்போ வானத்துல ஒரு கோடு போடுமே, அதுல பட்டுத் தெறிச்சாத்தான் என் குரல் மலையைத் தாண்டி அவகிட்டே போகும். பகல்லயும் எரிகல் விழும். கண்ணுக்குத்தான் தெரியாது."

"எவ்வளவு நேரம் பேசுவீங்க?"

"கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கோடு அழிஞ்சிடும். நான் என் பேரைச் சொல்வேன், அவ தன் பேரைச் சொல்வா. முதல்ல பேரு, அப்புறம்தான் பேச்சு. அது எங்க வழக்கம்."

"அப்புறம்?"

"அப்புறம் வரைக்கும் போனதே இல்லை."

காகம் இறக்கையால் தலையில் அடித்துக்கொண்டது. "இத்தனை வருஷமா பேரை மட்டுமா சொல்லிக்கிட்டிருக்கீங்க? ஒரு தடவையாவது அதை விட்டுட்டு, மனசுல இருக்கிறதைச் சொல்லித் தொலையேன்!"

ஏரியலுக்கும் அது சரியென்று பட்டது. அடுத்த எரிகல் விழுந்ததும் பெயரைச் சொல்லாமல், "உன் நினைப்பாவே இருக்கேன்" என்றது.

இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"யாரது?"

அதற்குள் கோடு அழிந்துவிட்டது.

காகம் பறந்துபோனது. ஏரியல் மலையைப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னது. வெறும் வானத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது.